நோட்டுப் புத்தகத்தில் காட்டையும் எழுதுவோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் கடனைப் பற்றிப் பேச வரவில்லை. தவணை பாக்கியைப் பற்றியும் பேச வரவில்லை. "அப்ப எதுக்கு வந்தீங்க?" என்று முன் வரிசையில் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. இன்று காலையில் மயிலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், மண்டபம் முழுக்கக் கை! சரி, கையை இறக்குங்கள். இந்த ஒரு வருடத்தில் பாறு பார்த்தவர்கள் யார்? பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. இரண்டு மூன்று கைதான் தெரிகிறது. கல்யாணத்துக்கு முன்னால், சின்ன வயதில் பார்த்தவர்கள்? இப்போது நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருமே கையைத் தூக்குகிறீர்கள்.

"மாடு செத்தா ஊருக்கு வெளிய போடுவோம், மறுநாள் போனா எலும்புதான் கெடக்கும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். அந்தக் கூட்டம் கூட்டமான பாறுகள் எந்த வருடத்திலிருந்து வரவில்லை? ஒருவர் பெரிய பஞ்சம் வந்த வருடம் என்கிறார். ஒருவர் மகள் சடங்கான வருடம் என்கிறார். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. காரணம் என்ன? யாரும் எழுதி வைக்கவில்லை.

குழுவில் எழுதாத பணம் காணாமல் போனால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. காட்டிலும் அதே கதைதான். எழுதாத உயிர் காணாமல் போனால், போனதே நமக்குத் தெரியாது.

எழுதி வைத்ததால் பிடிபட்ட திருடன்

ஆனால் ஒரு இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊரில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் 1980களிலேயே அங்கே பாறுக் கூடுகளை எண்ணிக் குறித்து வைத்திருந்தார். அப்போது நூற்றுக்கணக்கில் கூடுகள். பத்து வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணினார். கூடுகள் மளமளவென்று குறைந்திருந்தன. பழைய நோட்டு இருந்ததால்தான் புதிய எண்ணிக்கைக்குப் பொருள் கிடைத்தது. "ஏதோ கொறஞ்ச மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால் யார் கேட்பார்கள்?

அதன் பிறகுதான் இந்தியா முழுவதும் எண்ணினார்கள். 1992க்கும் 2007க்கும் நடுவே வெண்முதுகுப் பாறு என்ற வகை ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. காரணத்தை 2004ல் கண்டுபிடித்தார்கள். அது விஷமல்ல, நோயும் அல்ல. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபினாக் என்ற ஊசி மருந்து. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் செத்துவிடும்.

சகோதரிகளே, இது நம்முடைய விஷயமா இல்லையா? கறவை மாட்டுக் கடன் வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப் பேர். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுவது நாம். ஊசிக்குக் காசு கொடுப்பது நாம். பாறுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு ஊசிதான்.

2006ல் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடுவதை அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015ல் அந்தப் பெரிய பாட்டிலையும் தடை செய்தார்கள். 2023ல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் என்ற இரண்டு மருந்துகளையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். மெலாக்சிகம் என்ற மருந்து பாறுக்குக் கேடு செய்யாது. ஆகவே அடுத்த முறை டாக்டர் வந்தால் தயங்காமல் கேளுங்கள்: "சார், இது பாறுக்கு ஆகாத ஊசி இல்லையே?" கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வங்கி மேலாளரிடம் வட்டி எவ்வளவு என்று கேட்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

பாறு போனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். கிடக்கும் பிணத்தை யார் தின்பது? தெருநாய் தின்றது. நாய் பெருகியது. நாய்க்கடியும் வெறிநோயும் பெருகின. அசுத்தம் தண்ணீரில் கலந்தது. பாறு இல்லாமல் போனதால் 2000க்கும் 2005க்கும் இடையில் இந்தியாவில் கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று 2024ல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. சம்பளம் வாங்காமல் ஊரைச் சுத்தம் செய்த பறவை அது.

நம் பக்கத்து முதுமலை, மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்று மாநிலமும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணுகிறார்கள். 2023 தொடக்கத்தில் எண்ணியபோது 246, அந்த ஆண்டு டிசம்பரில் எண்ணியபோது 320. ஒரு பறவை மூன்று மாநிலத்துக்கும் பறந்து போய்வரும். தனித்தனி நாளில் எண்ணினால் ஒன்றையே மூன்றாக எழுதிவிடுவோம். அதனால்தான் ஒரே நாளில், ஒரே நேரத்தில் எண்ணுவது.

எண்ணுவது படித்தவர் வேலையா?

"அதெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க செய்யறது, நமக்கு என்ன தெரியும்?" என்று சொல்வீர்கள். இல்லை சகோதரிகளே. உலகம் முழுவதும் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். 1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாக, "சுட வேண்டாம், எண்ணுவோம்" என்று 27 பேர் தொடங்கினார்கள். இன்றுவரை அது நிற்கவில்லை.

நம் தமிழ்நாட்டில் 2015லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் நாட்களில் தோட்டத்திலோ குளக்கரையிலோ கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் எழுதுவதுதான் வேலை. பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், விவசாயிகள் எல்லோரும் செய்கிறார்கள்.

பக்கத்துக் கேரளாவில் 2015 முதல் 2020 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, காடும் மேடும் வயலுமாக நடந்து பறவைகளைப் பதிவு செய்தார்கள். வெயில் காலத்தில் ஒரு முறை, மழைக் காலத்தில் ஒரு முறை. 361 வகைப் பறவைகள், சுமார் 3 லட்சம் பதிவுகள்! யாருக்கும் கூலி இல்லை. இந்தியாவில் ஒரு மாநிலத்துக்கே இப்படிப் பறவை வரைபடம் தயாரித்தது அதுதான் முதல் முறை.

இப்படிப் பல ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்த குறிப்புகளைச் சேர்த்து 2020லும் 2023லும் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். 2023 அறிக்கைக்கு 30,000க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த 3 கோடிப் பதிவுகள் பயன்பட்டன. அதில் நமக்குத் தெரிய வேண்டியது மூன்று:

1. மயில் நிஜமாகவே பெருகியிருக்கிறது. "மயில் தொல்லை தாங்கல, வெதச்சதெல்லாம் போகுது" என்று நாம் சொல்வது வெறும் புலம்பல் இல்லை. கணக்கும் அதையே சொல்கிறது.

2. சிட்டுக்குருவி அழிந்தேவிட்டது, செல்போன் கோபுரம்தான் காரணம் என்று எல்லோரும் பேசினோம். 2020 அறிக்கைப்படி நாடு முழுவதும் பார்த்தால் குருவி பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. நாலு பேர் சொன்னதால் ஒன்று உண்மையாகிவிடாது.

3. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்குமே, பறக்கும்போது இறக்கையில் நீலம் பளிச்சென்று தெரியுமே, பனங்காடை! அது குறைந்துகொண்டே வருகிறது. எங்கும் கிடப்பதுதானே என்று யாரும் கவனிக்காத பறவை. எண்ணியதால்தான் தெரிந்தது.

அஸ்ஸாம் பெண்கள் செய்த வளைகாப்பு

இப்போது நம்மைப் போன்ற பெண்களின் கதை. அஸ்ஸாமில் ஹர்கிலா என்று ஒரு பெரிய நாரை. வழுக்கைத் தலை, தொங்கும் பை, நாற்றம் அடிக்கும் இரை. வீட்டு மரத்தில் கூடு கட்டினால் எச்சமும் எலும்பும் முற்றத்தில் விழும். அபசகுனம் என்று மரத்தையே வெட்டிவிடுவார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற ஆராய்ச்சியாளர், மேல்படிப்பைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு, தாதரா, பச்சாரியா கிராமத்துப் பெண்களிடம் போய்ப் பேசினார். மரத்தின் சொந்தக்காரர் ஆணாக இருந்தாலும், முற்றத்தைக் கூட்டுகிறவள் பெண்தானே!

அந்தப் பெண்கள் ஹர்கிலா சேனை என்று குழு சேர்ந்தார்கள். கூடுகளை எண்ணினார்கள், காவல் காத்தார்கள், கீழே விழுந்த குஞ்சுகளைக் காப்பாற்றினார்கள். நாரை முட்டையிடும் காலத்தில், கர்ப்பிணிக்குச் செய்வதுபோல அதற்கும் சடங்கு செய்து பாட்டுப் பாடினார்கள். நாரை உருவத்தைச் சேலையில் நெய்து விற்றார்கள். 2010ல் அந்தக் கிராமங்களில் 28 கூடுகள். பிறகு 250க்கு மேல். சேனையில் இன்று 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். 2022ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு பூர்ணிமாவுக்குப் பெரிய விருது கொடுத்தது.

28 என்று முதலில் எழுதி வைத்ததால்தான் 250 என்று பின்னால் பெருமைப்பட முடிந்தது. அதை மறந்துவிடாதீர்கள்.

பொய்க் கணக்கு எழுதினால்

எழுதினால் மட்டும் போதாது. உண்மையை எழுத வேண்டும். ராஜஸ்தானில் சரிஸ்கா என்ற புலிகள் காப்பகம். அங்கே பத்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகக் கணக்குப் புத்தகம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2005ல் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை! வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள். ஏட்டில் மட்டும் புலி உறுமிக்கொண்டிருந்தது. குறைவதை வருடா வருடம் உள்ளபடி எழுதியிருந்தால், பாதியிலாவது காப்பாற்றியிருக்கலாம். அதன் பிறகுதான் நாட்டில் கால்தடத்தை வைத்து எண்ணும் பழைய முறையை விட்டுவிட்டுக் கேமரா வைத்து எண்ணும் முறை வந்தது. 2008ல் வேறு காட்டிலிருந்து புலியைக் கொண்டுவந்து சரிஸ்காவில் விட்டார்கள்.

ஊரைக் குறை சொல்லிவிட்டு எங்கள் குறையை மறைக்கக் கூடாது. நாங்களும் ஒரு தப்புச் செய்தோம். முதல் முறை நம் உறுப்பினர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் பறவை எண்ணப் போனோம். கேலியும் சிரிப்புமாக நேரம் போய்விட்டது. தாள் பாதி காலி. அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமே என்று, "மைனா 40, கொக்கு 60" என்று உத்தேசமாக நாங்களே நிரப்ப ஆரம்பித்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "ஏங்க, வராத உறுப்பினர் பேருல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? வராத கொக்குக்கு மட்டும் நீங்க போடலாமா?" என்றார்.

பட்டப்படிப்புப் படித்த நாங்கள் தலை குனிந்தோம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறு வாரம் மறுபடி போனோம். அன்று கொக்கு 11தான். ஆனால் அந்த 11 உண்மை.

"எழுதிக் குடுத்தா காட்டுக்குள்ள விடமாட்டாங்களே?"

இந்தக் கேள்வியைப் போன மாதம் மலையடிவாரக் குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புலி இருக்கு, யானை வருது என்று நாமே எழுதிக் கொடுத்தால், விறகுக்கும் சீமாறுக்கும் நெல்லிக்காய்க்கும் போகிற வழியை அடைத்துவிட்டால் என்ன செய்வது? இந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தியமங்கலம் காடு 2013ல் புலிகள் காப்பகமானபோது எத்தனை ஊர் கலங்கியது என்று நமக்குத் தெரியும்.

எங்கள் பதில் இது. நாம் எழுதாவிட்டாலும் வேறு யாரோ எழுதத்தான் போகிறார்கள். அவர்கள் எழுதும் புத்தகத்தில் விலங்கு இருக்கும், நாம் இருக்க மாட்டோம். நாம் எழுதினால் இரண்டும் இருக்கும். "இந்தப் பாதையில் யானை போகிறது, இதே பாதையில் இத்தனை வருடமாக நாங்களும் போகிறோம்" என்று சேர்த்து எழுதலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. அதன் 5ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமை உள்ள மக்களுக்கும் கொடுத்திருக்கிறது. நமக்கு வடக்கே பிலிகிரி மலையில் சோலிக பழங்குடி மக்களுக்குப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011ல் சமூக உரிமை கிடைத்தது. காவல் காக்கிறவர் கையில் கணக்கும் இருந்தால் பேச்சுக்கு மரியாதை கூடும்.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள செடி, கொடி, பறவை, விலங்கு, விதை பற்றி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நம் ஊரில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? பதிவேடு எங்கே? அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பாட்டி சொன்ன மூலிகை ரகசியத்தைக் கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. எதைச் சொல்வது, எதைக் காப்பது என்று ஊர் கூடி முடிவு செய்யுங்கள்.

எப்படி எழுதுவது?

குழு நோட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

1. தேதி, இடம், ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், யார் பார்த்தது: இந்த ஐந்தும் முதல் வரியில்.

2. வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், கால் மணி நேரம். இடத்தை மாற்றி மாற்றி எழுதினால் கூடியதா குறைந்ததா என்று தெரியாது.

3. பார்த்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். மயிலை மட்டும் எழுதிக் காக்கையை விடக் கூடாது. சத்தம் மட்டும் கேட்டால் "கேட்டது" என்று எழுதுங்கள்.

4. கூட்டமாகப் பறந்து பறந்து உட்கார்ந்தால், ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிக எண்ணிக்கையை எழுதுங்கள். ஒன்றை இரண்டு முறை எண்ண வேண்டாம்.

5. ஒன்றும் வரவில்லை என்றால் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போடுவதில்லையா?

6. பெயர் தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதி, நிறம், அளவு, வால் எப்படி என்று குறியுங்கள். ஊர்ப் பெயரே போதும். ஆக்காட்டி, செம்போத்து, கரிச்சான், கொண்டலாத்தி என்று நாம் சொல்லும் பெயரைத்தான் எழுத வேண்டும்.

7. எழுதத் தெரியாதவர் கோடு போடலாம். பள்ளி போகும் பிள்ளை பெயரை எழுதட்டும். செல்போன் உள்ள பிள்ளைகள் இ-பேர்ட், ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் ஏற்றலாம். நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து மிக முக்கியம். கணக்கெடுப்புக்காக யாரும் காட்டுக்குள் போகக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். அதைவிட உயிருக்கு ஆபத்து. வாசல், வயல், ஏரிக்கரை, பஸ் நிறுத்தம் போதும். யானை நின்றால் எண்ண வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். வீட்டுக்குத் திரும்பி வந்து, பார்த்த நேரத்தையும் திசையையும் எழுதுங்கள், பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள். அபூர்வமான விலங்கின் இருப்பிடத்தையும் கூட்டையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வேட்டைக்காரனும் வாட்ஸ்அப் பார்க்கிறான். சிறுத்தை ஆட்டை அடித்துவிட்டால் கோபத்தில் செத்த ஆட்டில் விஷம் வைக்காதீர்கள். அது சிறுத்தையோடு நிற்காது. நாய், நரி, பாறு எல்லாம் சாகும். போட்டோ எடுத்து, தேதி எழுதி, நிவாரணத்துக்கு மனுக் கொடுங்கள்.

கடைசியாக

கணவன் வீட்டில் நம் பெயரில் ஒரு துண்டு நிலம் இல்லாத காலத்தில், முதன்முதலாக நம் பெயர் எழுதப்பட்ட புத்தகம் குழுவின் சேமிப்பு நோட்டுதான். பெயர் எழுதப்பட்ட பிறகுதான் வங்கியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எழுத்தின் பலம் நமக்குத் தெரியும். பனங்காடைக்கும் பாறுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அவற்றின் வருகையை நாம்தான் பதிய வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: ஒரு 40 பக்க நோட்டு, இரண்டு உறுப்பினர், வாரம் கால் மணி நேரம். வரும் பொங்கலுக்குக் கூட்டமைப்பு முழுவதும் ஒரே நாளில் எண்ணுவோம். இன்று கை தூக்கிய பாட்டிமார் சின்ன வயதில் பார்த்ததை ஊக்குநர்கள் உட்கார்ந்து கேட்டு, முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு மட்டும் நாள் கடத்தாதீர்கள்.

நம் பேத்தி இதே மண்டபத்தில் உட்கார்ந்து, "பாறு எந்த வருஷம் திரும்ப வந்துச்சு?" என்று கேட்கும் நாள் வர வேண்டும். அன்று யாராவது ஒருத்தி நோட்டைப் புரட்டித் தேதியோடு பதில் சொல்ல வேண்டும்.